பால்மரம் வந்திறங்கிய பூங்காவிலே

சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் கடைத்தெருவையும் கோயிலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தோட்டத்து மக்களாகிய நாம் தவறாமல் காண வேண்டிய இடம் இன்னொன்று உண்டு. அது 1859இல் தோன்றிய தாவரவியல் பூங்கா. 1877இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் இங்கேதான் வந்திறங்கின. 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் பால் வெட்டும் முறையைக் கண்டதும் இங்கேதான். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்ததற்கு இந்தப் பூங்காவும் ஒரு காரணம் அன்றோ? நுழைவுக் கட்டணம் இல்லை. காலை 5 மணிக்கே திறந்துவிடுகிறார்கள்.

உள்ளே இஞ்சித் தோட்டம் என்று ஒரு பகுதி. நம் சமையலுக்கு வரும் புங்கா கந்தானும் இஞ்சி இனமே. 15 அடி வரை ஓங்கும் தண்டுகளின் அடியிலிருந்து, தனிக்காம்பில் தீப்பந்தம்போல் பூ எழும். மொட்டிலேயே பறித்து லக்சாவுக்கு நறுக்கிவிடுகிறோம். மலரவிட்டால் தேன்சிட்டு தேடி வரும்.

நிரைகளில் களையென்று மருந்தடித்து அழிக்கிறோமே செண்டுடுக், அதன் கதை இன்னும் வேடிக்கை. அந்த ஊதாப் பூவுக்கு வெள்ளைக்காரர் 'சிங்கப்பூர் ரோடோடெண்ட்ரன்' என்று பெயர் சூட்டினார்கள். சிங்கப்பூர்ப் பூங்காக்களில் இதை விரும்பி நடுகிறார்கள். நாமோ, அதன் பழத்தைத் தின்று வாய் கறுத்ததை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம்.

இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான் உண்டு. அதுவும் குழல்போன்ற பைக்குள் அடைந்து கிடக்கும். கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு, உடம்பை அதிரவைத்து ரீங்காரமிட்டால் நுனித்துளை வழியே தூள் கொட்டும். கத்தரிப் பூவுக்கும் இதே அமைப்புதான். மஞ்சள் மார்க்கிசாவுக்கும் கருவண்டே சிறந்த துணை. வண்டு வராத வேலியில் அந்தக் கொடி பூத்துப் பூத்து உதிரும், காய் தங்காது. ஆகவே களையென்று நாம் அழிப்பது, நம் கறிச்சட்டிக்கு உதவும் வண்டின் உணவை!

வீட்டுப் பின்புறம் ஒரு மூலை போதும். புங்கா கந்தானை முளையுள்ள கிழங்காகப் பிரித்து, அரைநிழலில் ஈரமான இடத்தில் நடுங்கள். செண்டுடுக்குக்கு வெயில் வேண்டும். புளிப்பான ஏழை மண்ணிலும் உரமின்றி ஆளுயரம் வளரும். பறவைகள் விதை பரப்புவதால், காய்கறிப் பாத்தியில் முளைப்பதைப் பிடுங்கிவிடுங்கள். கருவண்டு துளைத்துக் குடியிருக்க ஒரு காய்ந்த கட்டையையும் விட்டுவையுங்கள். பூத்திருக்கும் செடிக்கு மருந்தடிக்காதீர்கள்.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அந்தப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பால்மரம் பிரேசிலிலிருந்து வந்த விருந்தாளி, செண்டுடுக்கோ இந்த மண்ணின் பிள்ளை என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.