செம்பாட்டு மண்ணும் சித்திரை வெயிலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சூரியன் நேர் உச்சியில் நின்று காயும் காலம் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியே வருகிறது. மாரிமழை ஓய்ந்து மாதங்கள் பல கழிந்துவிட்ட அந்தச் சமயத்தில், வற்றாத நதி ஒன்றேனும் இல்லாததும், வழுக்கியாறு என்னும் ஒரே ஓடையும் மழைக்காலத்தில் மாத்திரம் ஓடி மறைந்துவிடுவதுமான இந்நிலத்திலே, கத்தரியும் பயிற்றையும் புடோலும் வெயிலுக்குத் தப்பிக் காய்த்து மருதனார்மடம் சந்தைக்கு வந்து குவிகின்றன என்றால், அது யாருடைய சாமர்த்தியம் என்று அறியும் ஆவலினால், புன்னாலைக்கட்டுவன் பக்கத்துச் செம்பாட்டுத் தோட்டங்களுக்குச் சென்றிருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்த வேளையில் இறைப்பு நடந்துகொண்டிருந்தது. மிஷின் ஒரு பக்கம் இரைய, மண்வெட்டியும் கையுமாக வாய்க்காலோரம் நின்ற ஒரு முதியவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். பார்ப்பதற்கு இது எவரும் செய்யக்கூடிய வேலை போலத் தோன்றும். ஆனால் பாத்தி நிறைந்த பின் அவர் வாயை அடைக்கவில்லை. தண்ணீர் பாத்தியின் முக்காற் பங்கைத் தொட்டதுமே ஒரு வெட்டு மண்ணை இழுத்து அடைத்துவிட்டு அடுத்ததைத் திறந்தார். உள்ளே புகுந்த நீர் தன் வேகத்திலேயே மிச்சத் தூரத்தையும் ஓடி நனைத்துவிடும் என்பதும், நிறையும்வரை பார்த்து நின்றால் ஒவ்வொரு பாத்தியிலும் நாலைந்து குடம் வீணே கீழிறங்கும் என்பதும் அவருடைய கைக்குத் தெரிந்த கணக்கு. செம்பாட்டு மண் நீரை வெகு விரைவாக உள்ளே விட்டுவிடும் இயல்புடையது. வேருக்குக் கீழே போன நீர் பயிருக்குப் போனதாகாது.

நண்பகல் நெருங்கியதும் கத்தரி இலைகள் யாவும் துவண்டு தொங்கின. அதைக் கண்டு, “ஐயா, இதுகளுக்கும் கொஞ்சம் தண்ணி விடலாமே” என்றேன்.

“பின்னேரம் பாருங்கோ தம்பி, தானாய் நிமிரும். விடியவும் வாடிக் கிடந்தால்தான் அது தாகம். மத்தியானத்து வாட்டத்தைப் பாத்து ஊத்தினால் வேர்தான் அழுகும்” என்றார்.

வேர் எடுத்துக் கொடுப்பதைவிட விரைவாக இலை நீரை ஆவியாக இழக்கும்போது, மண்ணிலே ஈரம் இருந்தாலும் செடி தற்காலிகமாகத் தளர்வதுண்டு என்று தாவர நூலார் கூறும் உண்மையை, அவர் எந்த நூலையும் புரட்டாமல் தமது அநுபவத்தினாலேயே கண்டிருந்தார். சந்தேகம் இருந்தால் அவர் இலையைப் பார்ப்பதில்லை. மூடியிருக்கும் சருகை விலக்கி, விரலை மண்ணுக்குள் செலுத்தி, ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார்க்கிறார். உருண்டை நின்றால் தண்ணீர் இல்லை, உதிர்ந்தால் உண்டு.

அடுத்த தறையில் பெண்கள் மிளகாய் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் செய்த உபாயம் ஒன்றை நான் வெகுநேரம் நின்று பார்த்தேன். வாழைத்தடலைச் சாண் நீளத் துண்டுகளாக நறுக்கி, நட்ட ஒவ்வொரு நாற்றுக்கும் மேற்குப் பக்கமாகச் சற்றே சாய்த்துக் குத்திவிட்டார்கள். காலை வெயில் நாற்றுக்கு வேண்டும், பிற்பகல் வெயிலே அதைக் கொல்வது என்பது அதன் நியாயம். தடல் காய்ந்து சுருங்குவதற்குள் நாற்று வேர் பிடித்துவிடுமாகையால், அதை எடுக்கும் வேலைகூட மிச்சம். இத்தனை நுட்பமான கைவேலைக்கு ஆண்களுக்குக் கிடைக்கும் கூலியைவிடக் குறைந்த கூலியே அவர்களுக்குக் கிடைக்கிறது என்பதை அறிந்தபோது, தோட்டக்காரரின் சிக்கனம் எல்லாம் மெச்சத்தக்கதன்று என்றே எனக்குப் பட்டது.

வேலிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். வைகாசி பிறந்தால் சோளகக் காற்று வரட்சியோடு வீசத் தொடங்கும். வெயில் உறிஞ்சியது போக எஞ்சிய ஈரத்தை அது வாரிக்கொண்டு போகும். அதைத் தடுக்கவே தென்புறத்துப் பனையோலை வேலி உயர்த்திக் கட்டப்படுகிறது. வேலி பழுதானாலும் ஓலை வீணாவதில்லை. அதை வெட்டி மண்ணில் தாழ்த்துகிறார்கள், அது நாளடைவில் உக்கி ஈரம் பிடித்து வைக்கிறது. இப்பொழுது சிலர் நிழல்வலை கட்டுகிறார்கள். தக்காளிக்கு அது நல்லதுதான். ஆயினும் பகல் உஷ்ணம் 35 பாகையைத் தாண்டி இரவும் வெக்கையாகவே கழியும் நாள்களில் தக்காளியின் மகரந்தம் பழுதுபட்டுப் பூக்கள் உதிர்ந்துவிடுவதை வலையாலும் முற்றாகத் தடுக்க இயலாது. மிளகாய்க்கு வேறொரு துன்பம்: வரண்ட வெக்கையில் சிறு பூச்சிகள் பெருகி, குருத்திலைகள் சுருண்டு, ‘குருமன்’ விழுந்துவிடுகிறது.

வெயில் கடுமையானால் தண்ணீரை அதிகமாக்குவதே பரிகாரம் என்பது பொதுவான அபிப்பிராயம். இந்த மண்ணில் அது முற்றிலும் ஆபத்தான அபிப்பிராயம். குடாநாட்டின் அடியிலுள்ளது சுண்ணாம்புக்கல்; ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை அதன் வெடிப்புகளின் வழியே இறங்கி, கடலிலிருந்து உட்புகுந்துள்ள உவர் நீரின் மேல், பாலின் மேல் ஆடை போல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி வரையில் நன்னீர் இருக்கும் என்பது நிலநூலார் கணக்கு. ஆகவே மேலே 1 அடி குறைந்து அப்படியே நிலைத்துவிட்டால், கீழேயுள்ள உவர் காலப்போக்கில் 40 அடி எழும்பி வரும் என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்பு நீருமாக இருப்பதை இதற்குக் கண்கண்ட சாட்சியாகச் சொல்லலாம்.

துலா மிதித்து, பட்டையால் இறைத்த காலத்தில் மனிதனுடைய களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. துலாவில் ஏறி நடப்பவரின் கால் ஓயும்போது இறைப்பும் ஓயும். இரவுக்குள் கிணறு ஊறிவிடும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பரவிய மிஷினுக்குக் களைப்பு இல்லை. அந்தப் பழைய பிரயாசை மீண்டும் வரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். துலா மிதித்தவர் பட்ட பாட்டை மிதியாதவர் புகழ்வது எளிது. ஆனால் களைப்புச் செய்த வேலையை இப்போது அறிவுதான் செய்யவேண்டியிருக்கிறது. முதியவர் இறைப்புத் தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் ஒரு கை நீரை வாயில் விட்டுப் பார்க்கிறார். முடிவில் கரிப்புத் தட்டினால், மறுநாள் மிஷின் பாதி நேரமே ஓடும். நாக்கு தவறினாலும் பயிற்றை தவறாதாம். இலையோரம் தீய்ந்தாற்போலக் கருகுவது முதலில் அதில்தான் என்று காட்டினார்.

அந்தக் கிணறு நாலு குடும்பத்துப் பங்குக் கிணறு. கோடையில் எல்லாரும் விரும்புவது அதிகாலை முறையை. வெயில் ஏறுமுன் நீர் வேரடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மத்தியான முறை வந்தவருக்கோ, வெயிலில் கிடந்த கறுத்தக் குழாயிலிருந்து முதலில் வருவது வெந்நீர். அன்றைய மாலை முறையைப் பற்றிப் பங்காளிகள் இருவருக்குள் வாக்குவாதம் மூண்டது. முதியவரே மத்தியஸ்தம் செய்து, புது நாற்று நட்டவருக்கே மாலை முறை என்று தீர்த்தார். மற்றவர் மறுத்துப் பேசவில்லை. அடுத்த நாள் அதிகாலை முறை தமக்கென்று எல்லார் முன்னிலையிலும் சொல்ல வைத்துவிட்டுத்தான் தமது சைக்கிளை எடுத்தார்.