இசைவு பெறாத தீயணைப்புப் படை

குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்ற நாள்களில், பித்தினியாவின் ஆளுநர் பிளினி கிறிஸ்தவர்களைக் குறித்துப் பேரரசர் திராயானுக்கு எழுதிய மடலைக் கருத்தூன்றிப் படித்தோம். அதே தொகுப்பில் அதற்கு முன்னே நிற்கும் தீயணைப்பு மடலை அன்று நாம் புரட்டியும் பார்க்கவில்லை. அண்மையில்தான் அது கண்ணில் பட்டது.

உரோமை நகருக்கென ஒரு தீயணைப்புப் படை கி.பி. 6-ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது. அமைத்தவர், பெத்லகேம் நிகழ்ச்சியால் நாம் நன்கறிந்த அகுஸ்து சீசர். ஏழு பிரிவுகள், ஒவ்வொன்றின் காவலிலும் நகரின் இரண்டு வட்டாரங்கள். வாளியும் கோடரியும் ஏந்தி இரவில் தெருக்களைச் சுற்றி வந்தவர்கள் பெரும்பாலும் விடுதலை பெற்ற அடிமைகளே. இக்காவல் எல்லா நகரங்களுக்கும் வாய்க்கவில்லை.

இன்று துருக்கியில் இஸ்மித் எனப்படும் நிக்கோமேதியா, ஏறத்தாழ கி.பி. 110-இல் தீப்பற்றி எரிந்தது. வீடுகள் பலவும் பொதுக் கட்டடங்கள் இரண்டும் சாம்பலாயின. நடுவே சாலை இருந்தும் தீ தாவிற்று. காற்று கடுமையாக வீசியது உண்மையே. ஆனால் மக்கள் கைகட்டி வேடிக்கை பார்த்ததையும் பிளினி மறைக்கவில்லை. ஊரில் நீரிறைக்கும் பொறி இல்லை. ஒரு வாளிகூட இல்லை! கைவினைஞர் 150 பேரைக் கொண்டு தீயணைப்புக் குழு ஒன்று அமைக்கலாமா என அவர் கேட்டார். பிறர் எவரும் அதில் நுழையாதவாறு தாமே பார்த்துக்கொள்வதாகவும் உறுதி கூறினார்.

திராயான் மறுத்தார். எப்பெயர் இட்டாலும், எந்நோக்கத்துக்காகக் கூடினாலும், கூடியவர்கள் விரைவில் அரசியல் கூட்டமாக மாறுவர் என்பது அவரது அச்சம். கருவிகளை வாங்கி வையுங்கள், வீட்டுக்காரர்களே அணைக்கட்டும் என்றார். வாளி இருக்கலாம், சங்கம் கூடாது!

அதே அச்சம் நம் முன்னோரையும் தொட்டது. குறித்த நாளில் விடியுமுன் கூடி வழிபட்ட கிறிஸ்தவர்கள், பின்னர் மீண்டும் கூடி உணவருந்தும் வழக்கத்தைச் சங்கத் தடையாணைக்குப்பின் கைவிட்டதாகப் பிளினியிடம் கூறினர். கி.பி. 303-இல் இதே நிக்கோமேதியாவில் ஆலயத்தை அழிக்க வந்தபோது, தீயிட்டால் அண்டை மாளிகைகளுக்குப் பரவும் என்றஞ்சி, வீரர்களை ஏவிக் கோடரிகளால் தகர்த்தனர் என்கிறார் லக்தான்சியு. பின்னர் அரண்மனையே தீப்பற்றியபோது பழி கிறிஸ்தவர்கள்மேல் விழுந்தது.

திராயானைக் குறைகூற நமக்குத் தகுதி உண்டா? மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் பங்கில் குடிசைகள் ஐந்து எரிந்தன. மறுவாரம் இளைஞர் எழுவர் வந்து, வாளி, மணல், ஏணியுடன் ஆயத்தமாய் நிற்கக் குழு ஒன்றுக்கு இசைவு கேட்டனர். யார் தலைவர், எத்தெருவினர், நாளை திருவிழாவில் உரிமை கோருவரோ என்றெல்லாம் எண்ணினோம். "இருக்கிற சபைகளே போதும், பொருள்களைக் கோவிலில் வாங்கி வைக்கிறோம்" என்றோம். வாங்கியும் வைத்தோம். அவ்வாளிகள் இப்போது பூச்செடிகளுக்குத் தண்ணீர் சுமக்கின்றன.

சென்ற ஞாயிறு திருப்பலிக்குப் பின் அவ்வெழுவரையும் வரச் சொல்லியிருந்தோம். மூவர் வந்தனர். மற்ற நால்வரும் பிழைப்புக்காகத் திருப்பூருக்குச் சென்றுவிட்டனராம்.