நிலத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள்

மக்காச்சோளத்தில் படைப்புழு, தென்னையில் சுருள் வெள்ளை ஈ என்று வழக்கமாக வரும் கேள்விகளுக்கு நடுவே, இந்த முறை வேறு மாதிரியான ஒரு கடிதம் வந்திருந்தது. “என் மகளுக்கு ஜெர்மனியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. இருக்கும் மூன்று ஏக்கரில் ஒரு ஏக்கரை விற்று அனுப்பலாமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஊர், பேர் போட வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்.

வேளாண்மை அலுவலரிடம் கேட்கும் கேள்வியா இது என்று ஆசிரியர் யோசித்திருப்பார். ஆனால், போன வருடம் இதே கேள்வி என் சொந்த வீட்டிலேயே எழுந்தது. அதனால் பதிலை எங்கள் வீட்டுக் கதையாகவே சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அடுக்கம். பெருமாள்மலையிலிருந்து கும்பக்கரைக்கு இறங்கும் வழியில் இருக்கிறது. அங்கே என் அண்ணனுக்கு மூன்று ஏக்கர். சவுக்கு மர நிழலில் காபி, மரத்தில் ஏற்றிய மிளகு, இடையில் ஆரஞ்சும் வாழையும், வேலியோரம் பட்டர் ஃப்ரூட். அண்ணன் மகள் கோவையில் இளநிலை வேளாண்மை முடித்து, ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பயிர்ப் பாதுகாப்பு முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்தாள். இடமும் கிடைத்தது.

அங்கே கல்விக் கட்டணம் இல்லை. பருவத்துக்குச் சில நூறு யூரோ மட்டும் கட்ட வேண்டும். அண்ணனுக்குச் சந்தோஷம். அடுத்த செய்தியில்தான் முகம் மாறியது. விசா வாங்க, ஒரு வருடச் சாப்பாட்டுச் செலவுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே ஒரு தனிக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். அண்ணன் ஓடையோரத்து ஒரு ஏக்கரை விற்கக் கிளம்பிவிட்டார். நான் தடுத்தேன். கல்விக் கடன், மதினியின் நகைக் கடன், என் சேமிப்பில் கொஞ்சம் என்று சேர்த்தோம். நிலம் தப்பித்தது.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? வழியனுப்ப வந்தவர்கள் எல்லாம், “உனக்காக அப்பா நிலத்தையே விற்கத் துணிஞ்சாருத்தா, மறந்துடாத” என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நானும் அதே அர்த்தத்தில் ஏதோ சொன்னேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது தெரியவில்லை.

அக்டோபர் முதல் வாரம் போய்ச் சேர்ந்தாள். தினமும் நம் நேரம் இரவு ஒன்பது மணிக்குப் பேசுவாள். அடுக்கத்தில் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. அண்ணன் தோட்டத்து மேட்டில் இருக்கும் பாறைக்குப் போய் நிற்பார். “நல்லா இருக்கேம்ப்பா, சாப்பிட்டேன்” என்பாள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று போன் வரவில்லை. பனியில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு, பத்து மணிக்கு வந்தது. அன்று அந்த நாட்டில் எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். மூன்றரை மணி நேர வித்தியாசம் நாலரை ஆகிவிட்டது. இதைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள்.

சந்தேகம் வந்தது மதினிக்குத்தான். “தம்பி, அவ எப்ப வீடியோவுல வந்தாலும் மாடிப்படியிலயே நின்னு பேசறா. ஸ்வெட்டரக் கூடக் கழட்டல. ரூமக் காட்டுடான்னா நாளைக்குங்கறா” என்றார்.

மறுநாள் நானே கூப்பிட்டேன். “சாப்பிட்டியா” என்று கேட்காமல், “தாயி, நீ படுக்குற இடத்தக் காட்டு” என்றேன். அழ ஆரம்பித்தாள்.

நடந்தது இதுதான். விடுதியில் காத்திருப்போர் பட்டியல் நீளம். இணையத்தில் ஒரு அறை விளம்பரம் பார்த்து, இரண்டு மாத முன்பணமும் ஒரு மாத வாடகையும் சேர்த்துத் தொள்ளாயிரம் யூரோ அனுப்பியிருக்கிறாள். போய்ப் பார்த்தால் அப்படி ஓர் அறையே இல்லை. கையில் கொண்டுபோன பணத்தில் பெரும்பகுதி போய்விட்டது. சொந்தப் பணம் தனிக் கணக்கில் இருக்கிறது, ஆனால் அதை மாதாமாதம் எடுக்க அங்கே ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். அவள் போன வங்கியில் முகவரிப் பதிவைக் கேட்டிருக்கிறார்கள். முகவரியைப் பதிய வீடு வேண்டும். வீட்டுக்குப் பணம் வேண்டும். தண்ணீர் இருந்தும் வாய்க்கால் அடைபட்ட வயல் மாதிரி நின்றிருக்கிறாள். இன்னொரு தமிழ்ப் பெண்ணின் அறையில் தரையில் பாய் விரித்து ஐந்து வாரம். அந்தப் பெண்ணின் தூக்கம் கெடக்கூடாது என்றுதான் மாடிப்படியில் நின்று பேசியது.

“ஏன்த்தா சொல்லல?”

“எப்படிச் சித்தப்பா சொல்லுவேன்? அப்பா நிலத்தையே விக்கப் போனாரே.”

எனக்குப் பேச்சு வரவில்லை. ஏனென்றால் நானும் அப்படி இருந்தவன். அடுக்கத்திலிருந்து கோவைக்குப் படிக்கப் போனபோது எனக்குப் பதினேழு வயது. ஊருக்கு இப்போது இருப்பது மாதிரி சாலை இல்லாத காலம். முதல் மாதமே மெஸ் பணத்தைத் தொலைத்துவிட்டு, பத்து நாள் ஒருவேளைச் சாப்பாட்டில் ஓட்டினேன். குதிரை வாடகை மிச்சம் பிடிக்க, அப்பா தன் முதுகிலேயே மூட்டை சுமந்து சேர்த்த காசு அது. கடைசி வரை அவரிடம் சொல்லவில்லை. அதைப் பொறுப்பு என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். இப்போது யோசித்தால், அவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை மறைத்திருக்கிறேன்.

அன்று இரவே அண்ணனிடம் சொன்னேன். காபிப் பழம் பறிப்பு நேரம். களத்தில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, “பூ மழை ஏமாத்துன வருசமெல்லாம் நாம பொழைக்கலயா? காசு போனாப் போகுது. நிலம் இங்கதான கெடக்கு, அத எதுக்கு அவ அங்க சுமக்கறா? முடியலன்னா வந்துரச் சொல்லு” என்றார்.

அதை அவரே பாறையில் நின்று மகளிடம் சொன்னார். அதன் பிறகுதான் அவளுக்கு வாய் திறந்தது. மறுநாளே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். மாணவர் நல அமைப்பின் விடுதியில் டிசம்பரில் அறை கிடைத்தது. முகவரி பதிந்ததும் வங்கிக் கணக்கு திறந்தது, மாதம் 992 யூரோ வரத் தொடங்கியது.

“இங்க யாரும் வந்து ‘என்னம்மா’ன்னு கேக்க மாட்டாங்க சித்தப்பா. ஆனா நாம போய்க் கேட்டா, முழுசாச் சொல்லிக் கொடுக்கறாங்க” என்றாள். நம் ஊரில் முகம் வாடினால் நாலு பேர் கேட்பார்கள். கேட்டுப் பழகாத பிள்ளைகளுக்கு அங்கே முதல் பாடமே அதுதான். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லாததும், டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டுவதும், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைப்பதும் தானாகப் பழகிவிடும்.

வெளிநாட்டுப் படிப்பு நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கும்பகோணத்தில் பிறந்து, கோவை வேளாண்மைக் கல்லூரியில் படித்த எம்.எஸ்.சுவாமிநாதன், 1949-ல் நெதர்லாந்தின் வாகனிங்கன் நகருக்குப் போனார். அங்கே உருளைக்கிழங்கைத் தாக்கும் தங்க நூற்புழுவுக்கு எதிர்ப்புத் திறன் தேடும் ஆராய்ச்சியில் இருந்தார். அதே நூற்புழு 1961-ல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்டது, பிறகு நம் கொடைக்கானல் மலையிலும். எங்கோ குளிர்தேசத்தில் படிக்கும் பாடம், நம் வயலுக்கே தேவைப்படலாம்.

இனி, கடிதம் எழுதிய வாசகருக்கு என் பதில்.

1. நிலத்தை விற்காதீர்கள். பொதுத்துறை வங்கிகளில் ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கல்விக் கடன் கேட்கலாம். வெளிநாட்டுப் படிப்புக்குப் பொதுவாக 15 சதவீதம் நம் கைப்பணம் போட வேண்டியிருக்கும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்கு அயல்நாட்டுப் படிப்புக்கென்றே மத்திய, மாநில அரசு உதவித்தொகைகள் உண்டு. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

2. எந்த மாநிலம் என்று பாருங்கள். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலத்தில், நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ உண்டு.

3. இடம் உறுதியான அன்றே விடுதிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அறையைப் பார்த்து, சாவி கைக்கு வராமல் யாருக்கும் முன்பணம் அனுப்பக் கூடாது.

4. தனிக் கணக்குப் பணம் போன உடனே கைக்கு வராது. இரண்டு மாதச் செலவைத் தனியாகக் கொடுத்து அனுப்புங்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும்.

5. வேலை பார்த்துக் கடனை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள்தான் அனுமதி. நட்ட மாதத்திலேயே காபிக் கன்றில் பழம் தேடுகிறோமா?

6. விமானம் ஏறும் முன் நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள்: “என்ன ஆனாலும் அன்றைக்கே எங்களிடம் சொல். முடியாவிட்டால் திரும்பி வா.” இதற்கு ஒரு பைசா செலவில்லை. நாங்கள் இதை ஐந்து வாரம் தாமதமாகச் சொன்னோம்.

அண்ணன் வீட்டுக் காலண்டரில் இப்போது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருக்கின்றன. அந்த நாளில் எத்தனை மணிக்குப் பாறைக்குப் போக வேண்டும் என்று பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்.