லைட் பிடிக்கிறவர்

பெங்களூரில் கல்யாணத்துக்கு போட்டோகிராபர் பேசும்போது வீட்டார் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். எத்தனை கேமரா, ட்ரோன் உண்டா, ஆல்பத்தில் எத்தனை தாள், எப்போது கைக்கு வரும். லைட் பிடிக்க யார் வருகிறார் என்று ஒருவரும் கேட்பதில்லை. படம் தேறுவதில் பாதி அவர் தோளில்தான் இருக்கிறது.

கேமராவின் தலையில் செருகியிருக்கும் ஃப்ளாஷைக் கழற்றி, பக்கத்தில் வைத்துப் படமெடுக்கப் பழக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அல்சூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டேன். அவர் கேமராவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “எங்க லைட் அண்ணன்கூட ரெண்டு கல்யாணம் நில்லுங்க. அவர் என்ன பார்க்கிறாரோ அதை நீங்களும் பாருங்க” என்றார்.

பெங்களூரில் வரவேற்பு முதல் நாள் மாலை, முகூர்த்தம் மறுநாள் காலை. நான் முதலில் போனது கன்னடப் பெண், தமிழ்ப் பையன் கல்யாணம். அண்ணனுக்கு அறுபதை ஒட்டிய வயது. ஸ்ரீராமபுரத்துக்காரர். வீட்டில் தமிழ், மேடையில் கன்னடம். மணமக்களைப் பார்த்து “ஸ்வல்ப ஈ கடே நோடி, ஸ்வல்ப நகி” (கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க, கொஞ்சம் சிரிங்க) என்று போட்டோகிராபருக்கு முன்பே சொல்லிவிடுவார். தொழிலுக்கு வந்தது சன் கன் காலத்தில். வீடியோவுக்காக ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கைத் தூக்கிப் பிடிப்பார்கள்; பின்னால் ஒரு பையன் வயரைச் சுருட்டிக்கொண்டே ஓடுவான். அந்தப் பையனாகச் சேர்ந்தவர் இவர். பெண்ணின் பவுடர் கரைந்து வழியும், விளக்கின் சூட்டில் மாலையே வாடும் என்றார். இப்போது கையில் இருப்பது நீளக் கழி, அதன் முனையில் பேட்டரி ஃப்ளாஷ், அதை மூடிய வெள்ளைத் துணி சாஃப்ட்பாக்ஸ். பார்வைக்கு லேசு. கழியை நீட்டி, கையைத் தலைக்கு மேல் தூக்கி நான்கு மணி நேரம் நின்றால் லேசு இல்லை. நான் வாங்கிப் பிடித்துப் பார்த்தேன். சொந்தக்காரர்கள் ஒரு வரிசை வந்து போவதற்குள் தோள்பட்டை இறங்கிவிட்டது.

அவர் பார்த்தது மூக்கின் நிழலை. விளக்கு முகத்துக்குச் சற்று மேலே, சற்றுப் பக்கத்தில் இருந்தால் மூக்கின் நிழல் கன்னத்தில் சின்னதாக விழும். அது உதட்டைத் தொட்டால் விளக்கு அளவுக்கு மேல் உயர்ந்துவிட்டது. காதுப் பக்கமாக நீண்டால் ரொம்ப ஒதுங்கிவிட்டது. அடுத்து கண். கருவிழியின் மேற்பகுதியில் வெள்ளைப் பொட்டு ஒன்று தெரிய வேண்டும், இல்லையென்றால் முகம் தூங்கி வழியும். மூன்றாவதாக அவர் சொன்னதை எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை: “மூக்குத்தி எரியணும்.” வைரக் கல் ஒரு கோணத்தில்தான் பளிச்சிடும். அந்தக் கோணத்தைத் தேடி இவர் கழியை அரை அடி இப்படியும் அப்படியும் நகர்த்துகிறார். கேமரா பிடித்திருப்பவருக்கு இது எதுவும் தெரியாது.

நேரே எதிரிலிருந்து அடிக்கும் ஃப்ளாஷ் ஏன் முகத்தைக் கெடுக்கிறது என்பதும் அங்கே நின்றால் விளங்கும். லென்ஸ் பார்க்கும் திசையிலிருந்தே வெளிச்சம் போனால் நிழலெல்லாம் முகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மேடுபள்ளம் போய்விடும். காஞ்சிப் பட்டின் சரிகை வெறும் வெள்ளைத் தகடாகிவிடும். பக்கத்திலிருந்து அடித்தால்தான் நெசவின் மேடு தெரியும். நம் கறுத்த தோலுக்கு இது இன்னும் முக்கியம். கறுப்பு முகத்தின் அழகு அதன் மேல் விழும் மினுக்கில் இருக்கிறது. சின்ன ஃப்ளாஷ் நேரே அடித்தால் அந்த மினுக்கு நெற்றியில் எண்ணெய்ப் பொட்டாக நிற்கும்; பெரிய சாஃப்ட்பாக்ஸ் பக்கத்திலிருந்து அடித்தால் கன்னத்து எலும்பின் மேல் நீளமாகப் படரும். முகத்தை வெளுக்க வைக்கவே வெளிச்சத்தைக் கூட்டிப் போட்ட ஸ்டுடியோ வழக்கம் ஒன்று நம்மூரில் உண்டு. நேரடி ஃப்ளாஷ் அதற்கு நல்ல கூட்டாளியாக இருந்தது. பழைய ஆல்பங்களில் மணப்பெண்கள் எல்லோரும் ஒரே முகமாகத் தெரிவதற்கு அந்த இரண்டும் சேர்ந்தே பொறுப்பு என்பது என் கருத்து.

கேமராப் பக்கத்துப் பாடம் சின்னது. நண்பர் ஒரே மூச்சில் சொன்னார்: “மண்டபத்து வெளிச்சம் ஷட்டர் பொறுப்பு, ஆள் மேல விழுற வெளிச்சம் அபர்ச்சர் பொறுப்பு.” ஃப்ளாஷ் எரிவது கண்சிமிட்டலைவிட மிகக் குறைந்த நேரம், முழு பவரிலேயே ஒரு நொடியில் சில நூறில் ஒரு பங்கு, பவரைக் குறைத்தால் ஆயிரங்களில் ஒரு பங்கு. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் ஃப்ளாஷின் வெளிச்சம் மாறாது. ஆனால் பின்னால் இருக்கும் சீரியல் பல்பும் மேடை அலங்காரமும் ஷட்டருக்குத் தகுந்தபடி கூடும் குறையும். அதனால் முதலில் ஃப்ளாஷை அணைத்துவிட்டு மண்டபத்தை வேண்டிய அளவு இருட்டாக வைத்துக்கொள், பிறகு ஆளுக்கு வெளிச்சம் போடு. ஒரே தடை: பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250க்கு மேல் ஷட்டர் வேகத்தை ஏற்றினால் படத்தின் ஒரு பகுதி கறுப்பாகிவிடும், ஃப்ளாஷ் அடிக்கும் கணத்தில் ஷட்டர் திரை முழுதும் திறந்திருக்காது. அதைத் தாண்ட ஹை ஸ்பீட் சிங்க் என்று ஒன்று உண்டு. அது பேட்டரியைக் குடிக்கும்.

தூரக் கணக்கு அண்ணனுக்கு உடம்பிலேயே இருக்கிறது. வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று பள்ளியில் படித்தோம். ஒரு மீட்டரில் இருக்கும் வெளிச்சம் இரண்டு மீட்டரில் கால் பங்கு. பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் நின்றால் கழியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவருவார். வெளிச்சம் மென்மையாக விழும், பின்னணி இருட்டிவிடும். மைசூரிலிருந்து வந்த பெரியப்பா குடும்பம் இரண்டு வரிசையாக நின்றதும், யாரும் சொல்லாமலே பின்னால் நடந்தார். நாலு மீட்டரில் முன்வரிசை, ஐந்து மீட்டரில் பின்வரிசை என்றால் வித்தியாசம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்தான். கிட்டத்தில் நின்றிருந்தால் முன்னே இருக்கும் சித்தி வெந்துபோவார், பின்னே இருக்கும் தாத்தா காணாமல் போவார். அண்ணன் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்.

அன்று இரவு ஒரு வேடிக்கை நடந்தது. பெண் வீட்டார் ஒரு குழு, பையன் வீட்டார் ஒரு குழு என்று இரண்டு போட்டோகிராபர்கள். பெங்களூரில் இது சகஜம். ஃப்ளாஷைத் தூரத்திலிருந்து எரியவைக்கும் ரேடியோ ட்ரிகர் இருவரிடமும் ஒரே கம்பெனி, ஒரே சேனல். அந்தக் குழு ஷட்டரை அழுத்தினால் எங்கள் ஃப்ளாஷும் எரிகிறது; நாங்கள் அழுத்தும் நேரத்தில் எங்களுடையது சார்ஜ் ஏறாமல் நிற்கிறது. இரு வீட்டாருக்குள் வராத சண்டை இரண்டு குழுக்களுக்குள் வரப் பார்த்தது. அண்ணன் அந்தப் பக்கத்து லைட் பையனைத் தனியே கூப்பிட்டு, “தம்பி, நீ பதினாலுல வை, நாங்க மூணுல இருக்கோம்” என்று முடித்துவைத்தார்.

ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து பிரிப்பதை ஏதோ புதிய வித்தை போலச் சொல்கிறார்கள். பழைய கதை நேர்மாறாக இருக்கிறது. 1887இல் ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தேயும் யோஹன்னஸ் கேடிக்கேயும் மெக்னீசியம் ஃப்ளாஷ் பொடியைக் கொண்டுவந்தபோது, உதவியாள் ஒருவர் தட்டைத் தூக்கிப் பிடித்துப் பற்றவைப்பதுதான் முறை. அவர்தான் முதல் லைட்மேன். வட இந்தியக் காடுகளில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், புலி காலால் கம்பியை இடறினால் கேமராவும் ஃப்ளாஷும் சேர்ந்து இயங்கும்படி அமைத்து இரவுப் படங்கள் எடுத்தார். அவர் புத்தகம் 1927இல் வந்தது. ஃப்ளாஷ் கேமராவின் தலையில் ஏறி உட்கார்ந்தது பிற்பாடு, வசதிக்காக.

பெங்களூருக்கும் இதில் சொந்தப் பரம்பரை உண்டு. 1910இல் தொடங்கிய ஜி.கே. வேல் போன்ற ஸ்டுடியோக்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் டி.என்.ஏ. பெருமாள். 1932இல் பிறந்த தஞ்சாவூர்க்காரர், பெங்களூரில் வாழ்ந்து 2017இல் மறைந்தார். ஓ.சி. எட்வர்ட்ஸிடம் பயின்று, பறவைகளையும் இரவு விலங்குகளையும் எடுத்துப் பெயர் பெற்றார். ஃபிலிம் காலத்தில் இரவில் ஃப்ளாஷ் வைத்து எடுப்பதென்றால் பின்பக்கத் திரையில் பார்த்துத் திருத்த வழியில்லை. ஃப்ளாஷின் சக்தியைச் சொல்லும் எண்ணான கைடு நம்பரைத் தூரத்தால் வகுத்தால் அபர்ச்சர் வரும். கைடு நம்பர் 32, தூரம் நாலு மீட்டர் என்றால் எஃப் 8. கணக்கு சரியா என்று நெகட்டிவ் கழுவும்போதுதான் தெரியும். அவர் படங்களைப் பார்க்கும் இளைஞர்கள் லென்ஸைப் பற்றிக் கேட்கிறார்கள். விளக்கு எங்கே இருந்தது என்று கேட்டால் இன்னும் நிறையக் கற்கலாம்.

இரண்டு கல்யாணத்துக்கும் நடுவில் அண்ணன் ஒரு பழுதான ஃப்ளாஷைத் தூக்கிக்கொண்டு சிவாஜிநகர் சந்து ஒன்றுக்குப் போனார், நானும் போனேன். அங்கே பாய் ஒருவர் ஃப்ளாஷ் மட்டுமே பழுது பார்க்கிறார். உதிரிகளை எஸ்.பி. ரோட்டில் பொறுக்கி வாங்குவாராம். மேசையில் முதலில் கண்ணில் பட்டது ஹோல்டரில் மாட்டிய சாதாரண குண்டு பல்பு. ஃப்ளாஷைத் திறந்ததும் அந்த பல்பின் இரண்டு வயரைக் கெபாசிட்டரின் கால்களில் வைத்தார். பல்பு ஒரு நொடி எரிந்து அணைந்தது. உள்ளே முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், பேட்டரியைக் கழற்றி நாளானாலும் மிச்சம் இருக்கும், அதை வடித்த பிறகே விரல் வைக்க வேண்டும். வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் எடுத்து ஃப்ளாஷைத் திறக்க நினைப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கவும்.

செனான் ட்யூபின் இரு முனையும் கறுத்திருந்தன. “முழு பவர்ல விடாம அடிச்சிருக்கீங்க, மூச்சு விட விடணும்பா” என்றார் பாய். பவரைப் பாதியாக்கி ஐஎஸ்ஓவை ஒரு படி ஏற்றினால் ட்யூப் பிழைக்கும், ஃப்ளாஷும் சீக்கிரம் தயாராகும். பழைய விவிடார் 283 ஒன்று மூலையில் கிடந்தது. அதைப் புதிய டிஜிட்டல் கேமராவில் நேரே செருகாதீர்கள் என்றார். அந்த மாடல் சிலவற்றில் ட்ரிகர் முனையில் இருநூறு வோல்ட்டுக்கு மேல் வரும், கேமராவின் போர்டே போய்விடும். ரேடியோ ட்ரிகர் வைத்தாலும் முதலில் மல்டிமீட்டரால் அளந்து பார்க்கச் சொன்னார்.

முதல் கல்யாணத்தின் முகூர்த்தத்துக்கு வருகிறேன். கன்னடக் கல்யாணத்தில் மணமக்களுக்கு நடுவே அந்தர்பட என்று வெள்ளைத் துணியைப் பிடிப்பார்கள். மந்திரம் முடிந்து துணி இறங்கியதும் ஒருவர் தலையில் ஒருவர் சீரகமும் வெல்லமும் வைப்பார்கள், சுற்றி இருப்பவர்கள் அட்சதை போடுவார்கள். எல்லாம் சில நொடி. துணி நிற்கும்வரை பெண்ணின் முகத்துக்கு அது இன்னொரு விளக்கு: பக்கத்திலிருந்து அண்ணன் அடிக்கும் வெளிச்சம் துணியில் பட்டுத் திரும்பி அவள் முகத்தின் இருட்டுப் பாதியை நிரப்பியது. துணி இறங்கிய கணத்தில் அந்த விளக்கு போய்விடும். அண்ணன் இதற்காகவே காத்திருந்தவர் போல, புரோகிதரின் முதுகுக்குப் பின்னாலிருந்து இரண்டடி முன்னே வந்து கழியை இருவர் முகத்துக்கும் நடுவே உயர்த்தினார். அட்சதை மணிகள் தனித்தனியாக, காற்றில் நின்றபடி பதிந்தன. 1/200 ஷட்டர் மணிகளை அப்படி நிறுத்தாது, நிறுத்தியது ஃப்ளாஷ். அமெரிக்காவில் எம்ஐடியின் ஹரால்டு எட்ஜெர்டன் 1957இல் பால் துளி கிரீடம் போலத் தெறிப்பதை எடுத்தது இதே வித்தையால்தான். சற்று நேரத்தில் தாரெ சடங்குக்கு மணமக்கள் கையில் பால் ஊற்றினார்கள், அதுவும் அப்படியே நின்றது.

இந்த வேலைக்கு இப்போது போட்டி எல்இடி பேனல். வீடியோக்காரருக்குத் தொடர்ந்து எரியும் விளக்கு வேண்டும். கேமராக்களும் குறைந்த வெளிச்சத்தில் நன்றாக எடுக்கின்றன. கேண்டிட் எடுக்கும் இளைஞர்கள் பலர் ஃப்ளாஷே வேண்டாம் என்கிறார்கள். மேடையின் நீல, ரோஜா விளக்குகள் முகத்தில் ஏறிக் கிடக்கும் படங்களை ‘மூட்’ என்று விற்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாட்டியின் முகம் பாட்டியின் நிறத்தில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு ஃப்ளாஷும், மண்டபத்து மஞ்சள் விளக்கோடு ஒத்துப்போக அதன் மேல் ஒரு ஆரஞ்சு ஜெல் தாளும், அதைப் பிடிக்கத் தெரிந்த ஒருவரும் போதும்.

சென்னை சினிமாவில் லைட்மேன்களுக்குச் சங்கம் உண்டு, அது தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான பெஃப்சியில் ஓர் அங்கம். அண்ணனிடம் எந்தச் சங்கத்து அட்டையும் இல்லை. கல்யாணம் இருந்தால் கூலி; ஆடியிலும் மார்கழியிலும் தமிழ்க் கல்யாணங்கள் நின்றுவிடும், கன்னடத்துக்காரர்களுக்கு ஆஷாடமும் தனுர் மாதமும். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஸ்டுடியோ பெயர் இருக்கும், இவர் பெயர் இருக்காது. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு போட்டோகிராபர் பேசும்போது லைட்மேன் யார், அவர் கூலி எவ்வளவு என்று தனியாகக் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். முகூர்த்தம் முடிந்ததும் அவருக்கு முதல் பந்தியிலேயே இலை போடச் சொல்லுங்கள். கடைசிப் பந்திவரை அவருக்கு வேலை இருக்கும்.