குழாய்க்காரரும் கரண்டுக்காரரும்

"குழாயைத் தொட்டா பூரான் கடிச்ச மாதிரி சுருக்குங்குது தம்பி" என்றார் அந்த வீட்டுப் பாட்டி. ராஜபாளையத்தில் ஒரு பழைய மச்சு வீடு. மார்கழிக் காலை, மலைப்பக்கத்து வாடை. கீசர் இல்லாமல் யாரும் குளிக்க மாட்டார்கள். வயர்மேன் அண்ணாச்சியோடு நானும் போயிருந்தேன். முப்பது வருஷத் தொழில்காரர். பேரைப் போடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

அவர் குழாயில் கை வைக்கவில்லை. மீட்டரின் ஒரு முனையைக் குழாயிலும் இன்னொன்றை ஈரத்தரையில் பதிந்திருந்த இரும்புச் சல்லடையிலும் வைத்தார். 94 வோல்ட். மெயினை இறக்கிவிட்டு கீசரின் 16 ஆம்பியர் பாக்ஸைக் கழற்றினார். எர்த் திருகு காலி. பச்சை வயர் மடக்கி, டேப் சுற்றி, பாக்ஸின் மூலையில் கிடந்தது. போர் தண்ணீரின் உப்பு படிந்து கீசர் காயில் வெடித்திருந்தது. கசிந்த கரண்டு போக வழியில்லாமல் குழாயிலேயே நின்றது. ஃபியூஸ் போகவில்லை, எம்.சி.பி. விழவில்லை.

இத்தனை நாள் ஏன் ஷாக் அடிக்கவில்லை என்று கேட்டேன். சுவரைத் தட்டிக் காட்டினார். உள்ளே ஓடுவது பழைய ஜி.ஐ. பைப். முன்பு அது முற்றத்து மண்ணுக்குள் போய் முடிந்தது. யாரும் கேட்காமலே அந்த வீட்டுக்கு எர்த் ஆக இருந்தது. போன வருஷம் மண்ணுக்குள் இருந்ததை மட்டும் எடுத்துவிட்டு பி.வி.சி. போட்டிருக்கிறார்கள். சுவருக்குள் இருந்த இரும்பு அந்தரத்தில் நின்றுவிட்டது.

"பிளம்பர் மேல தப்பு சொல்ல முடியாது சார். தண்ணி ஒழுகக் கூடாதுன்னு அவருக்குக் கவலை, கரண்டு ஒழுகக் கூடாதுன்னு எனக்குக் கவலை. ரெண்டு பேரும் பேசிக்கிட்டதே கிடையாது."

பிறகு எர்த் குழி. கரியும் உப்பும் அடுக்கி 2.5 மீட்டர் பைப் இறக்கியிருக்க வேண்டும் என்பது கணக்கு. இங்கே பைப்பின் வாயில் துளசித் தொட்டி உட்கார்ந்திருந்தது. தொட்டியை நகர்த்தி, மெயினை மறுபடி ஏற்றி, ஹோல்டரில் 100 வாட் குண்டு பல்பை மாட்டி, ஒரு வயரை பேஸிலும் மற்றதை எர்த்திலும் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. பரவாயில்லையே என்றேன். தலையை ஆட்டினார். ஊரில் பாதிப்பேர் இதோடு எழுந்துவிடுவார்கள் என்றார். அந்த பல்பு இழுப்பது அரை ஆம்பியர்கூட இல்லை. குழி 50 ஓம் இருந்தாலும் பல்பு எரியும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பல்பு சோதனை முழுப் பொய் இல்லை. எர்த் அறவே இல்லையென்றால் காட்டிவிடும், சுமாரான எர்த்தைத்தான் நல்லதாகக் காட்டும்.

சுமாரான எர்த் என்ன செய்யும்? குழி 10 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட் முழுதாக கீசர் உடம்பில் ஏறினால் ஓடுவது 23 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. சட்டென்று விழ 80 ஆம்பியராவது வேண்டும். 23 ஆம்பியருக்கு அது சாவகாசமாகச் சூடேறிக்கொண்டிருக்கும், அதுவரை குழாயில் கிட்டத்தட்ட முழு வோல்டேஜ் நிற்கும். எர்த் இருக்கிறது என்று நிம்மதியாகக் குளிக்கிற வீடுகளை நினைத்துக்கொண்டேன். என் வீடும் அதில் ஒன்று.

மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாளுக்கு எண்ணெய்க்காப்பு நடக்கிற மாதம், பஸ்ஸில் நிற்க இடமில்லை. அங்கே பாதி கட்டிய வீட்டில் அண்ணாச்சிக்கு வேலை. குளியலறையில் பூச்சு இன்னும் ஆகவில்லை. 4 சதுர மில்லிமீட்டர் பச்சை வயரை எடுத்து, தண்ணீர் வரும் இரும்புப் பைப், ஜன்னல் கம்பி, கீசரின் எர்த் எல்லாவற்றையும் கிளாம்ப் போட்டு இணைத்தார். கிளாம்ப் உட்காரும் இடத்தில் பெயின்ட் போக உப்புத்தாள் தேய்த்தது மட்டும் ஐந்து நிமிஷம். "படிச்சவங்க பாண்டிங்ம்பாங்க. நாங்க எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டுறதும்போம்."

இந்தக் கட்டு வோல்டேஜை ஒழிப்பதில்லை, வித்தியாசத்தைத்தான் ஒழிக்கிறது. இரண்டு கண்மாயிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் இருந்தால் நடுவில் மடையைத் திறந்தாலும் ஓடாது. ஒரு கை குழாயிலும் மறு கை ஜன்னல் கம்பியிலும் இருக்க, இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றால் நடுவிலிருக்கும் உடம்பில் கரண்டு ஓடாது. எல்லாம் பிளாஸ்டிக் பைப்பாக இருந்தால்? "பிளாஸ்டிக்கைக் கட்டி என்ன செய்ய!" என்று சிரித்தார்.

அங்கிருந்த பிளம்பர் இளைஞன் இந்தப் பச்சை வயரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த குளியலறையில் பைப் போடும்முன் அவனாகவே வந்து, "அண்ணாச்சி, இதுல எங்க கிளாம்ப் போடுவீங்க?" என்று கேட்டான். அன்றைக்கு நான் பார்த்ததில் எனக்குப் பெரிதாகப்பட்டது அதுதான்.

டி.பி. பாக்ஸில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஏறியது. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒத்துப்போகாவிட்டால், கண் இமைப்பதற்குள் விழுந்துவிடும். எர்த் இல்லாத வீட்டிலும் வேலை செய்யும், ஆனால் நாம் தொட்ட பிறகுதான் விழும். பெர்க்லி பேராசிரியர் சார்லஸ் டால்சீல் ஆட்களை வைத்தே சோதித்து, சராசரி ஆண் 16 மில்லி ஆம்பியருக்கு மேல் பிடித்ததை விட முடியாமல் தவிப்பான் என்று கண்டவர். 1961இல் இதே வகைக் கருவி ஒன்றையும் அவர் செய்தார். பிரிட்டனில் 2008 விதிகள், குளியலறைக்கு வரும் எல்லா லைனிலும் இந்தக் காவல் இருந்தால் தனிக் கட்டு சில நிபந்தனைகளோடு வேண்டாம் என்று தளர்த்தின. நம் ஊர்ப் பழைய வீடுகளில் இரண்டுமே இல்லை. கருவியின் விலை ஐந்தாறு கிலோ பால்கோவாவுக்கு ஆகிற காசு.

கிளம்பும்போது அண்ணாச்சி அதிலிருந்த 'டி' பொத்தானை அமுக்கினார். லைட் பட்டென்று அணைந்தது. உங்கள் வீட்டிலும் இருந்தால் மாதம் ஒரு முறை அமுக்கிப் பாருங்கள். விழுந்தால் அந்தப் பெட்டி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். எர்த் இருக்கிறதா என்பதை அந்தப் பொத்தான் சொல்லாது. அதற்கு வயர்மேனைத்தான் கூப்பிட வேண்டும்.