கரிசல் காட்டு வெயிலும் காரின் பேட்டரியும்: மல்லாங்கிணறு பக்கம் போகிறீர்களா?

விருதுநகர் மாவட்டம், காரியாபட்டி தாலுகாவில் இருக்கிறது மல்லாங்கிணறு பேரூராட்சி. கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனின் சொந்த ஊர். சுற்றிலும் கரிசல் மண், சீமைக்கருவேல மரங்கள், மழையை எதிர்பார்த்துக் கிடக்கும் கண்மாய்கள். விருதுநகரில் எண்ணெய் பரோட்டா சாப்பிட்டுவிட்டு இந்தப் பக்கம் காரில் சுற்ற வருபவர்களைச் சோதிப்பது வெயில்தான்.

அதிக வெப்பம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். மூடி திறக்கும் வகை பேட்டரி என்றால் உள்ளே தண்ணீரும் சீக்கிரம் வற்றும். அதற்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். உப்புள்ள போர் தண்ணீர் உள்ளே இருக்கும் தகடுகளைக் கெடுத்துவிடும்.

உப்புப் பூத்தால்...

பேட்டரியிலிருந்து கசியும் அமில ஆவி பட்டு, டெர்மினலில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ உப்புப் பூக்கும். வெள்ளை என்றால் ஈய சல்பேட். நீலப்பச்சை என்றால் செம்பு கரைந்து உண்டான சல்பேட். இது மின்சாரம் பாயத் தடையாக நிற்கும். பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் எடுக்காமல் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வர, இதுவும் ஒரு காரணம்.

இந்த அரிமானத்தையும் மின்கலங்களையும் ஆராயவே பக்கத்து மாவட்டத்தில், காரைக்குடியில், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறக்கப்பட்டது. இதற்காக நிலமும் பணமும் கொடுத்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார்.

ஒரு பொறி போதும்

பொறி என்றால் என்ன என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிவகாசிப் பக்கம் மருந்து அறைக்குள் தீப்பெட்டிக்கும் செல்போனுக்கும் அனுமதி கிடையாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்தபோது, உதவிக்கு ஓடிவந்தவர்களும் உயிரிழந்தார்கள்.

கார் பேட்டரிக்கும் அந்தக் கவனம் வேண்டும். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். பேட்டரி வெடித்தால் உள்ளே இருக்கும் கந்தக அமிலம் முகத்தில் தெறிக்கும்.

கழற்றும் வரிசை

இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட வேண்டும். மோதிரம், வளையல், வாட்ச் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, கையுறையும் கண்ணாடியும் அணிவது நல்லது. பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

முதலில் கழற்ற வேண்டியது நெகட்டிவ், அதாவது 'எர்த்' ஒயர். காரின் பாடி முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருக்கிறது. பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்டதும் ஷார்ட் ஆகிப் பொறி பறக்கும். மாட்டும்போது வரிசை தலைகீழ்: முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ்.

ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்தால் உப்பு நுரைத்துக் கரைந்துவிடும். பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். சோடா உள்ளே போனால் அமிலம் கெட்டுவிடும். ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, கிளாம்பை ஆடாமல் இறுக்கி, மேலே லேசாக வாசலின் தடவினால் போதும்.

அமிலம் கண்ணில் பட்டால் தேய்க்கக் கூடாது. குறைந்தது 15 நிமிடம் சுத்தமான தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்து, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த உப்பில் ஈயம் இருப்பதால், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே குழந்தைகளைத் தொட வேண்டும்.

பேட்டரி வீங்கியிருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ தொடாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுவதே சரி. பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் கடையிலேயே கொடுத்துவிடலாம். புதிய பேட்டரியின் விலையிலும் கொஞ்சம் குறையும்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் பானெட்டைத் திறந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டால் போதும். கரிசல் காட்டு உச்சி வெயிலில், குடும்பத்தோடு காரைத் தள்ள வேண்டியிருக்காது!