ஒரு 'ண' விசை

போன ஆடியில் பக்கத்து வீட்டுத் தறிக்காரர் ஓய்வூதியத்துக்கு மனு எழுதித் தரச் சொன்னார். ஐம்பது வருடம் குழித்தறியில் உட்கார்ந்தவர். கையால் எழுதியிருக்கலாம், கணினியில் அடித்தால் மதிப்பு என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து மனு திரும்பி வந்தது. பெயர் ஆதாரோடு பொருந்தவில்லையாம். அவர் பெயர் 'ணி' என்று முடியும். நான் 'ண்ணி' என்று அடித்திருக்கிறேன்.

நான் பயன்படுத்துவது தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற விசைப்பலகை. உயிர்கள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்தில் புள்ளி தானாக விழும். ப, ட, ட, உ என்று நாலு தட்டு தட்டினால் 'பட்டு'. பழைய டைப்ரைட்டரில் நகராத விசையில் புள்ளியை முதலில் அடித்து, பிறகு எழுத்தை அடிப்போம். (புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு முதலில் பழகிய பலகையில் 'கியூ' இடத்தில் 'ஏ' இருக்கும். ஆங்கிலம் அடித்தால் இன்னும் தடுமாறுவேன். தமிழில் தவறாது என்று ஒரு கர்வம்.)

அதனால் பழியை விசைமேல் போட்டேன். ஆரணியில் தறி ஓடும் தெருவில் பட்டுப் பிசிறு எதற்குள்ளும் புகுந்துவிடும். கவிழ்த்துத் தட்டினேன், கொட்டியது. செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு மூடிகளைக் கழற்றினேன். படம் எடுக்காவிட்டால் திருப்பி மாட்டுவது பெரும்பாடு. மூடிகளைச் சோப்புத் தண்ணீரில் அலசி, ஓர் இரவு உலரவிட்டேன். பலகையில் தண்ணீர் படக்கூடாது. மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். இடைவெளி விசையை மட்டும் தொடவில்லை. அடியில் கம்பி இருக்கிறது, கழன்றால் எனக்கு மாட்டத் தெரியாது.

மறுபடியும் 'ண்ணி'. புதுப் பலகை வாங்கினேன். அதிலும் அப்படியே. அப்போதுதான் குனிந்து கையைப் பார்த்தேன். வலது சுண்டுவிரல் ஒரு தட்டுக்கு இரண்டாக நடுங்கியது.

விண்டோஸில் 'ஃபில்டர் கீஸ்' என்று ஒரு வசதி உண்டு. அதே விசை உடனே மறுபடி தட்டப்பட்டால் கணக்கில் எடுக்காது. அரை நொடி வைத்தேன். 'ணி' சரியாக வந்தது; 'பட்டு' 'படு' ஆகிவிட்டது. இப்போது ஒரு ட-வுக்கும் அடுத்த ட-வுக்கும் நடுவில் காத்திருக்கிறேன்.

தறிக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். "எனக்கும் கால் மிதி தப்புதுங்க சார்" என்றார். புது மனு அடிக்கும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தார். போன வாரம் இருவருமாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.